ஏவியானிக்ஸ் டெஸ்ட் டெக்னீஷியன் வேலை வெறும் பொத்தான் வேலைதானா?

பாலக்காட்டு மாவட்ட எல்லையில் உள்ள வேலந்தாவளத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடித்திருக்கிறேன். கோவையில் விமான எலக்ட்ரானிக்ஸ் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்ட் டெக்னீஷியனாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம் பாண்ட் கேட்கிறார்கள். 'எல்லாம் கம்ப்யூட்டரே டெஸ்ட் பண்ணிடும், நீ பொத்தானை அழுத்திட்டு பாஸா ஃபெயிலான்னு எழுதணும், அவ்வளவுதான்' என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். இதில் வளர்ச்சி உண்டா? பத்தாவது வரை தமிழ் மீடியம், சமாளிக்க முடியுமா? ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) படித்தால் இன்னும் நல்லதா?"

போங்கள், நல்ல வேலை. வாளையாருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இதே தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பாக்ஸ் நன்றாக இருக்கிற நாளில் இது பொத்தான் வேலைதான். ஏ.டி.இ. என்கிற தானியங்கி டெஸ்ட் மெஷினில் மாட்டி ஓட விட்டால், நூற்றுக்கணக்கான ரீடிங்கை அதுவே எடுத்து அச்சடித்துக் கொடுத்துவிடும். ஆனால் திரையில் ஃபெயில் என்று சிவப்பாக வந்ததும் மெஷின் நின்றுவிடும். கெட்டிருப்பது பாக்ஸா, கேபிளா, மெஷினேதானா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அங்கிருந்து வேலை உங்களுடையது. அதைக் கண்டுபிடிக்கப் பழக்கிக் கொடுப்பார்களா, இல்லை இரண்டு வருஷமும் பொத்தானோடு உட்கார வைத்துவிடுவார்களா என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும். எப்படி விசாரிப்பது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். விமானத்தில் ரேடியோ, ரேடியோ ஆல்டிமீட்டர், டிஸ்ப்ளே, மிஷன் கம்ப்யூட்டர், வேகம் உயரம் எல்லாம் கணக்கிடும் ஏர் டேட்டா கம்ப்யூட்டர் எல்லாம் தனித்தனிப் பெட்டிகள். விமானம் நிற்கிற இடத்திலேயே கழற்றி வேறு ஒன்றை மாட்டிவிடலாம். எல்.ஆர்.யூ. என்பது டாகுமெண்டில் உள்ள பெயர். ஷாப்பில் பாக்ஸ், யூனிட் என்றுதான் சொல்லுவோம். புதிதாகச் செய்ததும் டெஸ்ட் பெஞ்சுக்கு வரும், ஸ்னாக், அதாவது குறை, என்று விமானத்திலிருந்து கழற்றி அனுப்பியதும் வரும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஏ.டி.பி. என்று ஒரு டாகுமெண்ட் இருக்கும். கனெக்டரின் எந்தப் பின்னில் எவ்வளவு வோல்ட் கொடுக்க வேண்டும், எந்தப் பின்னில் என்ன வர வேண்டும், எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று படிப்படியாக எழுதியிருக்கும். அந்த வரிசையை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. "இதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிற பேச்சுக்கே இடமில்லை.

புது பாக்ஸ் என்றால் பெஞ்சில் பாஸ் ஆனால் மட்டும் போதாது. சேம்பரில் வைத்துக் குளிரிலும் சூட்டிலும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள், ஷேக்கர் மேஜையில் பூட்டி அதிர வைப்பார்கள். அரைகுறையாகப் பிடித்த சோல்டர், சரியாக உட்காராத பின் எல்லாம் ஆகாயத்தில் விடுவதற்குப் பதில் இங்கேயே விட்டுவிடட்டும் என்பதற்காகத்தான் இது. சேம்பர் டெஸ்ட் ஷிப்டில் போடுவார்கள். இரவு ஷிப்டும் வரும், அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கல்லூரியில் படித்ததற்கும் இதற்கும் முதலில் வித்தியாசம் தெரிகிற இடம் பவர் சப்ளை. நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விமானத்தில் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். கூடவே 28 வோல்ட் டி.சி. ஃப்ரீக்வென்சி கூடினால் அதே பவருக்கு டிரான்ஸ்ஃபார்மரில் இரும்பு குறைவாகப் போதும், எடை குறையும். ராணுவ விமானங்களின் மின்சாரத்துக்கான மில்-ஸ்டாண்டர்ட் 704 படி, 28 வோல்ட் என்று பெயர் இருந்தாலும் 22 முதல் 29 வரை எது வந்தாலும் பாக்ஸ் ஓட வேண்டும். ஏ.சி. என்றால் 108 முதல் 118 வரை. ஒரு சப்ளையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறபோது 50 மில்லி செகண்ட் வரை கரண்டே இல்லாமலும் போகலாம். புதிதாக வருகிறவர்கள் 28-ல் பாஸ் ஆனதுமே நிம்மதியாகிவிடுவார்கள். 22-க்கு இறக்கிப் பார்க்கிறபோதுதான் பவர் சப்ளை கார்டில் (சர்க்யூட் போர்டில்) சோர்ந்துபோன கெபாசிட்டர் அகப்படும். அதனால் ஏ.டி.பி.யில் கீழ் எல்லை, மேல் எல்லை என்று வருகிற ஸ்டெப்புகளை ஒரு சடங்காக எண்ணி ஓட்டிவிடாதீர்கள். பாதி பழுது அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது, பெட்டிகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் முறை. பயணிகள் விமானத்தில் பெரும்பாலும் ஏரிங்க் 429, போர் விமானத்தில் 1553. இந்த இரண்டையும் நேர்முகத் தேர்வுக்கு முன்னாலேயே படித்துவிடுங்கள், பத்து மடங்கு மதிப்பு கூடும். 429-ல் ஒரு வேர்டு, அதாவது ஒரு தடவை அனுப்புகிற செய்தி, 32 பிட். அதில் முதல் எட்டு பிட் லேபிள், அதாவது இது எந்த அளவு என்கிற பெயர். 203 என்றால் உயரம். கடைசியில் பாரிட்டிக்கு (தப்பு இருக்கிறதா என்று பார்க்க உதவும் பிட்டுக்கு) முன்னால் எஸ்.எஸ்.எம். என்று இரண்டு பிட் வரும். அனுப்புகிற பாக்ஸ் "என் ரீடிங்கை நம்பலாம்" என்றோ "நம்பாதே, நான் பழுதாகிவிட்டேன்" என்றோ சொல்வது அந்த இரண்டு பிட்டில்தான். பழகாதவர் திரையில் 10,000 அடி என்று நம்பர் சரியாக வருவதை மட்டும் பார்த்து டிக் போட்டுவிடுவார். எஸ்.எஸ்.எம். 00 என்று நின்றால், நம்பர் எவ்வளவு சரியாக இருந்தாலும் விமானத்தில் பைலட்டுக்கு அந்த இடத்தில் பழுதுக் கொடிதான் தெரியும். நம்பரையும் அந்த இரண்டு பிட்டையும் சேர்த்தே பார்க்கிற பழக்கம் கண்ணுக்கு வர வேண்டும்.

1553 அடிப்படையும் சுலபம்தான். ஒரு பஸ் கன்ட்ரோலர், அதற்குக் கீழே அதோடு பேசுகிற 31 டெர்மினல் வரை, செகண்டுக்கு 10 லட்சம் பிட் வேகம். எல்லாம் இரட்டை லைன். ஏ போனால் பி. கன்ட்ரோலர் கேட்டால் தவிர யாரும் பேசக் கூடாது. கேட்டால் 4 முதல் 12 மைக்ரோ செகண்டுக்குள் டெர்மினல் பதில் சொல்லியாக வேண்டும். ஆஸிலோஸ்கோப்பில் அந்தக் கேள்வியும் பதிலும் அடுத்தடுத்து வருவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

இந்த 1553 விஷயத்தில்தான், முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சேம்பரில் மைனஸ் 40-ல் ஒரு பாக்ஸ் ஃபெயில். பி லைனில் பதில் இல்லை. அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் பாஸ். சரி, குளிரில் ஏதோ சோல்டர் விடுகிறது என்று பாக்ஸைத் திறந்து கார்டை வெளியே எடுத்தார்கள். அடுத்த பாக்ஸும் அதே ஸ்டெப்பில் ஃபெயில். அதையும் திறந்தார்கள். மூன்றாவதும் அதே கதை. இரண்டு நாள் மைக்ரோஸ்கோப்பில் சோல்டர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலக்காட்டுச் சித்தூர்க்காரர் ஒருவர், மூத்த டெக்னீஷியன், லீவு முடிந்து வந்தார். பாக்ஸ் பக்கமே போகவில்லை. மூன்று பாக்ஸின் ரீடிங் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மூணும் வேற வேற வாரம் செஞ்சது, வேற வேற ஆள் சோல்டர் வச்சது. மூணுக்கும் ஒரே எடத்துல நோவு வருமா?" என்று கேட்டார். நேராகச் சேம்பருக்குள் போகிற கேபிளைக் கழற்றி, பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் கனெக்டர் முகத்தைப் பிடித்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். எல்லாப் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க, ஒன்று மட்டும் ஒரு மயிரிழை உள்ளே இறங்கியிருந்தது. பின்னைக் கனெக்டருக்குள் தள்ளும்போது கடைசியில் 'டிக்' என்று ஒரு பூட்டு விழும். அந்தப் பின்னுக்கு அது விழவே இல்லை. அறை வெப்பத்தில் எதிர்ப் பின்னை எப்படியோ தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, குளிரில் கேபிள் சுருங்க விட்டுவிட்டது. இன்செர்ஷன் டூலை வைத்துத் தள்ளினார், பூட்டு விழுந்தது. மூன்று பாக்ஸும் மைனஸ் 40-ல் பதில் சொல்லின.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. திறந்த பாக்ஸைத் திறக்காத பாக்ஸாக யாரும் ஏற்க மாட்டார்கள். கோட்டிங்கைச் சரிசெய்து, ஸ்க்ரூவை டார்க் (முறுக்கு விசை) பார்த்து முடுக்கி, சேம்பரும் ஷேக்கரும் முதலிலிருந்து. நல்ல நிலையில் இருந்த மூன்று பாக்ஸுக்கு, ஒரே ஒரு பின் காரணமாக அத்தனை வேலை.

அதனால் ஃபெயில் வந்ததும் கையை பாக்ஸிடம் கொண்டுபோகாதீர்கள். வந்த ரீடிங்கை வந்தபடியே எழுதுங்கள், வெப்பம், நேரம், சப்ளை வோல்டேஜ் எல்லாம் சேர்த்து. அப்புறம் உங்கள் பக்கத்தைப் பாருங்கள்: கேபிள் எண் சரியா, கனெக்டர் முழுசாகத் திருகியிருக்கிறதா, மீட்டரில் ஒட்டியிருக்கிற காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) ஸ்டிக்கர் தேதி முடிந்துவிட்டதா. பிறகு நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பாக்ஸை, கோல்டன் யூனிட் என்பார்கள், அதே செட்டப்பில் மாட்டிப் பாருங்கள். அதுவும் ஃபெயில் என்றால் பழுது உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் கார்டையும் சேர்த்து மாற்றிவிட்டு பாஸ் ஆனால், எதனால் பாஸ் ஆனது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அப்புறம் ஒன்று, இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாலு தடவை ஓட்டி, நாலாவது தடவை பாஸ் ஆன பிரிண்டை மட்டும் ஃபைலில் வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. மாதக் கடைசி, டெலிவரி அவசரம் என்று மேலிருந்தே கேட்பார்கள். செய்யாதீர்கள். விட்டு விட்டு வருகிற பழுதுதான் இந்தத் தொழிலிலேயே மோசமான பழுது. முதல் மூன்று ஃபெயிலும்தான் அதைப் பற்றி உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நிஜ விவகாரம் இருக்கிறது. 2008 அக்டோபர் 7-ம் தேதி சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குப் போய்க்கொண்டிருந்த க்வாண்டாஸ் 72, ஏர்பஸ் ஏ330 விமானம், நடுவானில் திடீரென்று மூக்கைக் கீழே குத்தியது. சில நிமிடத்தில் இன்னொரு தடவை. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். நூறு பேருக்கு மேல் காயம். விமானத்தை லியர்மன்த்தில் இறக்கினார்கள். மூன்று ஏர் டேட்டா பெட்டிகளில் ஒன்று தப்பான அளவுகளை விட்டு விட்டு அனுப்பியிருக்கிறது. உயரத்தின் அளவு, இறக்கையில் காற்று மோதும் கோணத்தின் லேபிளோடு போயிருக்கிறது. மேலே சொன்னேனே, அதே எட்டு பிட் லேபிள். ஃப்ளைட் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரும் அந்த மாதிரித் தப்பை எல்லா விதத்திலும் வடிகட்டும்படி எழுதப்படவில்லை. விசாரணைக்காரர்கள் அந்தப் பெட்டியை எத்தனையோ விதமாக டெஸ்ட் செய்தும் பெஞ்சில் அந்தப் பழுது திரும்ப வரவே இல்லை. எது அதைக் கிளப்பிவிட்டது என்பது 2011-ல் வந்த இறுதி அறிக்கையிலும் தெரியவில்லை. அதே விமானத்தில் அதே பெட்டி 2006-லேயே ஒரு தடவை இதே மாதிரி நடந்துகொண்டிருந்தது.

பெஞ்சில் பழுது காணவில்லை என்றால் டேக்கில் என்.எஃப்.எஃப். என்று எழுதுவோம். எழுதலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த சீரியல் நம்பர் முன்பு எத்தனை தடவை, என்ன ஸ்னாக்கோடு வந்தது என்று பழைய ரெக்கார்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரே ஸ்னாக்கோடு திரும்பத் திரும்ப வந்திருந்தால் அறை வெப்பத்து டெஸ்டோடு விடக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடுங்கள்.

நம் ஊர்ப் பக்கத்துக்கென்று இதில் ஒரு தனி விஷயம் உண்டு. காற்று. வேலந்தாவளத்தில் பிறந்தவருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று கணவாய் வழியே விடாமல் அடிக்கும். உதடு வெடிக்கும், துணியைக் கழற்றினால் சடசடக்கும். அந்தச் சடசடப்புதான் எலக்ட்ரானிக்ஸுக்கு எமன். நம் உடம்பில் ஏறியிருக்கிற நிலை மின்சாரம் ஏறக்குறைய 3,000 வோல்ட் ஆனால்தான் நமக்குச் சுள்ளென்று தெரியும். சில ஐ.சி.க்களுக்கு 100 வோல்ட்கூடத் தாங்காது. அதாவது, நீங்கள் எதையும் உணராமலே ஒரு கார்டைக் கொன்றுவிடலாம். கொன்றால்கூடப் பரவாயில்லை, டெஸ்டில் பிடிபட்டுவிடும். பாதி காயத்தோடு பாஸ் ஆகி விமானத்துக்குப் போனால்தான் ஆபத்து. அதனால் மணிக்கட்டு ஸ்ட்ராப் இல்லாமல் கார்டைத் தொடக் கூடாது. ஸ்ட்ராப்புக்குள் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், தவறிக் கரண்டைத் தொட்டால் உங்களைக் காப்பாற்ற. தினம் காலையில் டெஸ்டரில் கையை வைத்துப் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் மேஜைக்குப் போக வேண்டும். டெஸ்ட் ஏரியாவில் ஹியூமிடிட்டி மீட்டர் ஒன்று தொங்கும். தை மாதத்தில் அது இறங்குவதைக் கவனித்து ஹியூமிடிஃபையர் ஓடுகிறதா என்று கேளுங்கள். பருத்தி உடை போட்டுப் போங்கள், நைலான், பாலியெஸ்டர் வேண்டாம்.

ஆனி, ஆடியில் இதற்கு நேர் எதிர். அதே கணவாய் வழியே மேற்கிலிருந்து ஈரக்காற்று. நிலை மின்சாரத் தொல்லை குறையும், இன்சுலேஷன் ரீடிங் இறங்க ஆரம்பிக்கும். ஹார்னஸை, அதாவது ஒயர்க் கட்டை (லூம் என்றும் சொல்வோம்), மெகர் என்கிற இன்சுலேஷன் மீட்டர் வைத்து 500 வோல்ட்டில் பார்க்கிறபோது, கோடையில் நன்றாக ஏறி நின்ற லூம் மழைக்காலத்தில் குறைத்துக் காட்டும். கனெக்டர் முகத்தில் படிந்த தூசியும் கை வியர்வையும் ஈரத்தோடு சேர்ந்தால் அப்படித்தான். சுத்தம் செய்து, காயவைத்து, மறுபடி எடுங்கள். கனெக்டருக்கு மூடி போடாமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். இன்னொன்று, மெகரை வெறும் ஹார்னஸுக்குத்தான் வைக்க வேண்டும். பாக்ஸ் மாட்டியிருக்கும்போது 500 வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கிறது எல்லாம் போய்விடும். மெகரைக் கையில் எடுக்கும் முன் லூமின் இரண்டு முனையையும் போய்க் கண்ணால் பாருங்கள்.

பாண்டிங் டெஸ்டும் அடிக்கடி வரும். பாக்ஸின் உடம்புக்கும் விமானத்தின் உடம்புக்கும் நடுவில் ரெசிஸ்டன்ஸ் 2.5 மில்லி ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று பல டாகுமெண்டில் இருக்கும். சாதாரண மல்டிமீட்டரில் இதைப் பார்க்க முடியாது. அதன் ஒயரே ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நான்கு ஒயர் மில்லி ஓம் மீட்டர்தான் வேண்டும். இரண்டு ஒயர் கரண்டைக் கொண்டுபோகும், மற்ற இரண்டு வோல்டேஜை மட்டும் பார்க்கும். டிப்ளமோவில் கெல்வின் பிரிட்ஜ் படித்திருப்பீர்களே, அதே விஷயம்.

பின்னாளில் ஹாங்கரில் விமானத்தின் மேலேயே டெஸ்ட் செய்கிற வேலை கிடைத்தால், ரேடார் கேள்விக்குத் தானே பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரிடம் மட்டும் கூடுதல் கவனம் வையுங்கள். தரையிலிருந்து 1030 மெகா ஹெர்ட்ஸில் கேள்வி வரும், டிரான்ஸ்பாண்டர் 1090-ல் பதில் சொல்லும். டெஸ்டில் கோட் மாற்றும்போது 7500, 7600, 7700 வழியாகப் போய்விடக் கூடாது. கடத்தல், ரேடியோ பழுது, அவசரம் என்று அர்த்தம் அவற்றுக்கு. உயரத்தையும் டெஸ்ட் செட்டில் ஏற்றி இறக்கிப் பார்ப்போம். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கிற ஆகாயத்தில், தரையில் நிற்கிற உங்கள் விமானம் 5,000 அடியில் இருப்பதாக ஆன்டெனா வழியே சொன்னால், மேலே போகிற விமானத்தின் மோதல் எச்சரிக்கை கத்திவிடும். ஆன்டெனாவுக்கு மூடி போட்டு, டெஸ்ட் செட்டோடு கேபிளில் இணைத்துத்தான் செய்ய வேண்டும்.

ராணுவ பாக்ஸ் என்றால் ஷாப்பில் இரண்டு பெயர் அடிக்கடி கேட்கும். டிசைனுக்கு ஒப்புதல் கொடுப்பது பெங்களூரில் இருக்கிற செமிலாக். தரத்தைப் பார்ப்பது டி.ஜி.ஏ.க்யூ.ஏ. என்கிற அமைப்பு. அவர்களுடைய ஆள் பக்கத்தில் நின்று பார்க்க, நீங்கள் ஏ.டி.பி.யை ஓட்ட வேண்டிய நாள் வரும். பயப்பட ஒன்றுமில்லை. கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் டாகுமெண்டைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். அப்படிப் பார்த்துச் சொல்வதைத்தான் அவர்களும் விரும்புவார்கள். தப்பாக எழுதியதை ஒயிட்னர் போட்டு மறைக்கக் கூடாது. ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்.

ஏ.எம்.இ. பற்றிக் கேட்டீர்கள். அது வேறு பாதை. சிவில் விமானத்துறையைக் கண்காணிக்கிற டி.ஜி.சி.ஏ. கொடுக்கிற லைசென்ஸில் ஏவியானிக்ஸுக்கு பி2 பிரிவு. விமானத்தை வேலை முடித்து "பறக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டு விடுவிக்கிற உரிமை அது. அதற்குத் தேர்வுகளோடு, ஓடுகிற விமானத்தின் பராமரிப்பில் நேரடி அனுபவமும் கேட்பார்கள். தொழிற்சாலையில் பாக்ஸ் டெஸ்ட் செய்த வருஷங்கள் அதற்கு அப்படியே ஈடாகிவிடாது. தனியார் ஏ.எம்.இ. கல்லூரிகளில் செலவும் அதிகம். வீட்டில் கடன் வாங்கித்தான் அதில் சேர வேண்டும் என்றால் என் அபிப்பிராயம், முதலில் இந்த வேலையில் சேர்ந்து சம்பாதியுங்கள், விமானத்தின் மேலேயே வேலை செய்ய ஆசை நிற்கிறதா என்று பாருங்கள், பிறகு யோசிக்கலாம்.

வளர்ச்சி உண்டா என்றால், உண்டு. நல்ல டெஸ்ட் டெக்னீஷியன் இரண்டு திசையில் போகலாம். ஒன்று, பழுது கண்டுபிடித்து கார்டு அளவில் சரிசெய்கிறவராக, அப்போது ஐ.பி.சி. 610 மாதிரியான சோல்டர், அசெம்ப்ளி தரச் சான்றிதழ் கைகொடுக்கும், ஹார்னஸுக்கு 620. விமான வேலைக்கு கிளாஸ் 3 கேட்பார்கள். இன்னொன்று, டெஸ்ட் மெஷினையே உருவாக்குகிறவராக; அதற்கு லேப்வியூவோ பைத்தானோ பழகி, ஏ.டி.பி.யைப் பார்த்து டெஸ்ட் புரோகிராம் எழுத வேண்டும். எனக்குப் பிடித்தது முதலாவது. சம்பளம் வேகமாக ஏறுவது இரண்டாவதில். வேலைக்கும் பஞ்சம் இல்லை. சூலூரில் விமானப்படையின் 5 பி.ஆர்.டி. பழுதுநீக்கும் டிப்போ இருக்கிறது, தேஜஸ் போர் விமான ஸ்குவாட்ரன்களும் அங்கிருந்து இயங்கியிருக்கின்றன. விமானம் செய்கிற அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லின் ஏவியானிக்ஸ் பிரிவு ஹைதராபாத்தில் இருக்கிறது. கேரளத்துக்குள்ளேயே காசர்கோடு சீதாங்கோலியில் அதற்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை உண்டு. பெங்களூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எச்.ஏ.எல்., அரசின் இன்னொரு எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான பி.இ.எல். இரண்டிலும் டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருட அப்ரண்டிஸ் எடுப்பார்கள். அதற்கு நாட்ஸ் என்கிற மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத்தில் பதிவை இப்போதே போட்டு வையுங்கள். இந்த வேலை அமையாவிட்டால் அதில் போகலாம்.

தமிழ் மீடியம் பற்றிய கவலையை விடுங்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். ஷாப்பில் பேச்சு தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும். உங்களுக்கு இரண்டும் வரும் என்பதே அங்கே ஒரு பலம். டாகுமெண்ட் ஆங்கிலம்தான், ஆனால் கதைப்புத்தக ஆங்கிலம் கிடையாது. திரும்பத் திரும்ப வருவது ஒரு முந்நூறு நானூறு சொற்கள். சேர்ந்த முதல் மாதங்களில் ஏ.டி.பி.யில் தெரியாத சொல்லை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். டாகுமெண்டை நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், ஃபோனில் படம் எடுப்பதும் கூடாது. நோட்டும்கூட உள்ளேயே இருக்க வேண்டியிருக்கும், கேட்டுக்கொண்டு செய்யுங்கள். உண்மையில் நீங்கள் பழக வேண்டியது, ஸ்னாக் ரிப்போர்ட்டில் நாலு வரி ஆங்கிலத்தில் நேராக எழுதுவது. என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்களும் மரியாதையாகக் கேளுங்கள்: "ஃபெயில் ஆன பாக்ஸை இங்கே யார் சார் டீபக் பண்ணுவாங்க, பழுதைக் கண்டுபிடிப்பாங்க? டெக்னீஷியனா, தனி டீமா?" தனி டீம் என்றால், எத்தனை நாளில் டெக்னீஷியன் அந்த டீமுக்குப் போகலாம் என்று கேளுங்கள். டெஸ்ட் ஏரியாவைக் காட்டுவார்களா என்றும் கேளுங்கள். காட்டினால் மேஜைகளில் ஸ்ட்ராப் மாட்டியிருக்கிறார்களா, கனெக்டர்களுக்கு மூடி இருக்கிறதா, மீட்டரில் காலிபரேஷன் தேதி நடப்பில் இருக்கிறதா என்று நடந்துபோகும்போதே பார்த்துவிடலாம். இந்த மூன்றும் சரியாக இருக்கிற இடத்தில் வேலை கற்றுக்கொடுக்கிற ஆளும் இருப்பார்.

பாண்ட் இந்தத் துறையில் சகஜம், அதற்காகப் பயந்து விட்டுவிட வேண்டாம். ஆனால் நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், மாதம் ஆக ஆக அந்தத் தொகை குறையுமா, டிரெய்னிங் காலமும் இரண்டு வருஷத்தில் சேருமா என்பதை எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்பாவையோ விவரம் தெரிந்த ஒருவரையோ ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள். டிப்ளமோ அசல் சான்றிதழை அவர்களிடமே வைத்துக்கொள்கிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். அசலைக் காட்டி, நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அசலைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.